பாட்டிலுக்குள் நிற்காத நொதிப்பு: வீட்டு பீர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இரண்டு நண்பர்கள் சேர்ந்து வீட்டில் பீர் காய்ச்சுகிறார்கள். சட்டம் அனுமதிக்கும் இடம், சொந்த உபயோகத்துக்கு மட்டும். ஒரு தடவைக்கு 20 லிட்டர். ஒருவர் காய்ச்சும் வேலையையும் நோட்டுப் புத்தகத்தையும் பார்த்துக்கொள்வார், மற்றவர் கழுவும் வேலையை. இந்த நோட்டுப் புத்தகம் பின்னால் பெரிதும் உதவியது.

சாமான்கள் எளியவை. அடியில் குழாய் வைத்த பிளாஸ்டிக் வாளி ஒன்று நொதிக்க வைப்பதற்கு. அதே மாதிரி இன்னொரு வாளி, பாட்டிலில் அடைப்பதற்கு முன் பீரைச் சர்க்கரைக் கரைசலுடன் கலப்பதற்கு. வினைல் டியூப் சில, நுனியில் ஸ்பிரிங் வைத்த பாட்டில் நிரப்பும் குச்சி, மூடியில் ஏர்லாக் (உள்ளே உண்டாகும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத சிறு அடைப்பு), சுமார் 60 கண்ணாடி பாட்டில்கள்.

கழுவும் முறையும் எளியதுதான். வேலை முடிந்ததும் வெந்நீர் ஊற்றி அலசுவார்கள், கறை தெரிந்தால் தேய்க்கும் நாரால் தேய்ப்பார்கள். அடுத்த தடவை காய்ச்சும் நாளில் பாஸ்போரிக் அமிலம் சேர்ந்த, அலசத் தேவையில்லாத சானிடைசரைக் கலக்கி வாளியில் ஊற்றிக் குலுக்குவார்கள். குழாயைத் திறந்து அதன் வழியாகவும் கொஞ்சம் ஓடவிடுவார்கள். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே நடந்தது, எந்தத் தொந்தரவும் இல்லை. அதனால் இந்த முறை சரி என்ற நம்பிக்கை இருவருக்கும் வந்துவிட்டது.

கோடையில் ஒரு மாற்றம். சேசான் என்ற பெல்ஜிய வகை பீரை முதன்முறையாகச் செய்தார்கள். அதற்கென்று விற்கும் உலர் ஈஸ்ட்டையே போட்டார்கள். தொடக்க அடர்த்தி 1.050, முடிவு 1.003 (தண்ணீரை 1.000 என்று வைத்த கணக்கு, சர்க்கரை நொதிக்க நொதிக்க இந்த எண் இறங்கும்). வறண்ட, காரசாரமான, லேசாகக் கிராம்பு மணக்கும் பீர். அவர்கள் செய்ததிலேயே அதுதான் நன்றாக வந்தது என்று நோட்டில் எழுதியிருக்கிறார்கள். எழுதியது உண்மையாகவே இருக்கும்.

முதல் அறிகுறிகள்

சேசானுக்கு அடுத்து, அதே வாளியில் சாதாரண ஏல் ஈஸ்ட் போட்டு ஒரு பேல் ஏல், அதாவது வெளிர் நிற பீர் வகை. அடர்த்தி 1.012க்கு வந்து, மூன்று நாள் மாறாமல் நின்றது. வழக்கப்படி, பாட்டிலுக்குள் வாயு உண்டாக 120 கிராம் சர்க்கரை சேர்த்து பாட்டிலில் அடைத்தார்கள். மூன்றாவது வாரம் திறந்தபோது நுரை, சுவை எல்லாம் கச்சிதம். ஆறாவது வாரத்தில் மூடியை நெம்பியதும் பாதி பீர் மேஜை மேல். எட்டாவது வாரத்தில் ஒரு பாட்டில்கூட ஒழுங்காகத் திறக்கவில்லை.

சர்க்கரையைத் தவறாக நிறுத்திருப்போம் என்பதுதான் அவர்களுக்கு முதலில் வந்த யோசனை. அப்புறம் சானிடைசர் மேல் சந்தேகம் வந்தது. அடுத்த தடவை, அது ஒரு பிரவுன் ஏல், தராசை இரண்டு முறை சரிபார்த்து, சானிடைசரை இரட்டிப்பு அளவில் கலந்து, வாளியையும் டியூப்களையும் ராத்திரி முழுக்க அதில் ஊறப்போட்டார்கள். 1.013இல் பாட்டில் அடைத்தார்கள். ஏழாவது வாரத்தில் அட்டைப்பெட்டிக்குள் ஒரு பாட்டில் வெடித்தது. ராத்திரி நேரம், அந்த அறையில் யாரும் இல்லை. என்னைக் கூப்பிட்டது அதற்குப் பிறகுதான்.

முதலில் பாட்டில்களை அடக்குவது

காரணத்தைத் தேடுவதற்கு முன் மிச்சம் இருந்த பாட்டில்களை ஒரு வழி பண்ண வேண்டியிருந்தது. ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதும் வெடிக்கலாம். கண்ணாடிச் சில்லு அட்டைப்பெட்டியைக் கிழித்துக்கொண்டு வரும்.

பெட்டி மேல் தடித்த போர்வையைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டு, முகத்தை மூடும் கவசம், முழுக்கை ஜாக்கெட், தோல் கையுறை எல்லாம் தேடி எடுத்த பிறகே அறைக்குள் போனோம். பாட்டில்களை ஒவ்வொன்றாக மூடியுள்ள கெட்டிப் பிளாஸ்டிக் தொட்டிக்குள் வைத்து ஃபிரிட்ஜுக்கு மாற்றினோம். குளிர்ந்த திரவத்தில் கார்பன் டை ஆக்சைடு அதிகம் கரையும், அதனால் பாட்டிலின் கழுத்தில் அழுத்தம் குறையும். ஈஸ்ட்டும் வேகம் குறைந்து அடங்கும். ஒரு நாள் முழுக்கக் குளிரவிட்டு, துணியால் சுற்றி, வாளிக்கு மேல் பிடித்து ஒவ்வொன்றாகத் திறந்தோம்.

நண்பர்களில் இளையவருக்குக் கொட்ட மனசில்லை. மூடியை லேசாக நெகிழ்த்திக் காற்றைவிட்டு மறுபடி மூடலாமே என்றார். வாயுவை வெளியேற்றினாலும், அதை உண்டாக்குவது உள்ளேயே இருக்கிறது. இரண்டு வாரத்தில் அதே நிலைமைக்குத்தான் வந்து நிற்கும். பரிசோதனைக்கு என்று சிலவற்றைக் குளிரில் வைத்துக்கொண்டு மீதியைக் கொட்டினோம். அந்த அழுத்தத்தைத் தாங்கிய காலி பாட்டில்களையும் மறுபடி நம்ப வேண்டாம் என்று கழித்துவிட்டோம்.

அளந்து பார்த்ததில் தெரிந்தது

வீட்டில் இருந்த ஒரே அளவுகோல், அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர். இந்த வழக்கில் அதுவே போதுமானதாக இருந்தது. பொங்கிய பீரை இரண்டு டம்ளருக்கு இடையே மாற்றி மாற்றி ஊற்றி வாயுவைப் போக்கி, 20 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவந்து அளந்தோம். 1.013இல் அடைத்த பிரவுன் ஏல் இப்போது 1.005. அதிர்ஷ்டவசமாகப் பேல் ஏலிலும் இரண்டு பாட்டில் ஃபிரிட்ஜின் மூலையில் மிஞ்சியிருந்தன. 1.012இல் அடைத்தது, அதுவும் 1.005.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், வெடித்ததன் காரணம் இதில்தான் இருக்கிறது. பீரில் கரைந்த வாயுவை ‘பருமன்’ கணக்கில் சொல்வார்கள். ஒரு லிட்டர் பீரில் ஒரு லிட்டர் வாயு இருந்தால் 1 பருமன். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறக்குறைய 1 பருமன் கிடைக்கும். 20 லிட்டருக்கு 120 கிராம் என்றால் லிட்டருக்கு 6 கிராம், அதாவது 1.5 பருமன். நொதித்து முடிந்த பீரில் அறை வெப்பத்தில் ஏற்கெனவே 0.8 அளவுக்கு இருக்கும். கூட்டினால் 2.3. வீட்டு ஏலுக்கு இது நியாயமான அளவு.

பாட்டிலுக்குள் அடர்த்தி 0.001 இறங்கும் ஒவ்வொரு முறையும் அரைப் பருமன் கூடும். 1.013இலிருந்து 1.005 வரை எட்டுப் புள்ளி, அதாவது 4 பருமன். மொத்தம் 6க்கு மேல். சாதாரண பீர் பாட்டிலை 3 பருமனுக்கு மேல் நம்பக் கூடாது என்பது வீட்டில் காய்ச்சுபவர்களின் வழக்கம். வெடித்தது ஒன்றுதான் என்பதே ஆச்சரியம்.

இன்னும் சில கவனிப்புகள். பொங்காத பாட்டிலே இல்லை, எல்லாம் ஒரே அளவுக்குப் பொங்கின. புளிப்பு இல்லை. மேலே ஆடை படரவில்லை. வெண்ணெய் வாசனை இல்லை. ஆனால் இரண்டு பீரிலும், இருக்கவே கூடாத கிராம்பு மணம். பீர் மெலிந்து, வாயில் தண்ணீர் மாதிரி இருந்தது.

யார் மேல் சந்தேகம்

சர்க்கரை அதிகமாகியிருந்தால் மூன்றாவது வாரத்திலேயே பொங்கியிருக்கும், அடர்த்தி 1.005க்கு இறங்கியிருக்காது. இந்தச் சந்தேகம் உடனே விழுந்தது.

நொதிப்பு முடிவதற்கு முன் அடைத்துவிட்டார்களா? இதை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியவில்லை. மூன்று நாள் அளவு மாறவில்லை என்பது மட்டுமே ஆதாரம். ஆனால் போட்ட ஏல் ஈஸ்ட் இந்த மாதிரி வோர்ட்டில் (மால்ட் என்ற முளைகட்டிய தானியத்திலிருந்து எடுத்த, இன்னும் நொதிக்காத இனிப்புச் சாறு) எங்கே நிற்கும் என்பது முந்தைய வருடக் குறிப்புகளில் இருந்தது: 1.011 முதல் 1.013 வரை. அந்த ஈஸ்ட் தானாக 1.005க்குப் போகாது.

பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூவான ஹாப்ஸ் மேலும் ஒரு சந்தேகம் இருந்தது. நொதித்த பீரில் உலர்ந்த ஹாப்ஸைப் போட்டால், அதிலுள்ள நொதிகள் டெக்ஸ்ட்ரின் என்ற பெரிய மாவுச்சத்துத் துண்டுகளை உடைத்துச் சர்க்கரையாக்கும், ஈஸ்ட் அதைப் பிடித்துக்கொள்ளும். பேல் ஏலில் அப்படி ஹாப்ஸ் போட்டிருந்தார்கள். ஒரு பீர் மட்டும் பொங்கியிருந்தால் நான் இதில்தான் நின்றிருப்பேன். பிரவுன் ஏலில் கடைசியில் ஹாப்ஸே போடவில்லை என்று நோட்டில் தெளிவாக இருந்தது. அதுவும் அதே அளவுக்கு இறங்கியிருக்கிறது.

பாக்டீரியா என்றால் லாக்டோபேசில்லஸ், பீடியோகாக்கஸ் போன்றவை. பெரும்பாலும் புளிப்பு காட்டிக்கொடுக்கும், பீடியோகாக்கஸ் என்றால் வெண்ணெய் வாசனையும் சேரும். இங்கே இரண்டும் இல்லை. பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட்டும் டெக்ஸ்ட்ரினைத் தின்னும், ஆனால் அது இதைவிட நிதானமாக வேலை செய்வது, தோல், தொழுவம் மாதிரியான வாசனையையும் கொண்டுவருவது.

மிஞ்சியது ‘டயஸ்டாடிகஸ்’. இது வெளியிலிருந்து வந்த புது உயிரி அல்ல, பீர் ஈஸ்ட்டான சாக்கரோமைசஸ் செரிவிசியேவின் ஒரு வகைதான். எஸ்.டி.ஏ.1 என்ற மரபணு இதனிடம் இருக்கிறது. அதன் உதவியால் குளுகோஅமைலேஸ் என்ற நொதியை வெளியே விட்டு, சாதாரண ஈஸ்ட் தொடாத டெக்ஸ்ட்ரினை வெட்டித் தின்னும். கிராம்பு மணத்தையும் கொடுக்கும். சேசானுக்கு விற்கும் ஈஸ்ட்களில் பல இந்த வகையே. சேசான் அவ்வளவு வறண்டு 1.003க்கு வந்தது இதனால்தான். அங்கே அது நல்ல குணம், பேல் ஏல் பாட்டிலுக்குள் அதுவே தொல்லை.

ஒரு பீரைக் கெடுப்பது இன்னொரு பீரின் ஈஸ்ட்டாக இருக்கலாம் என்பது பழைய விஷயம். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்ததன் பின்னணியும் இதுதான்: பீர் கெடுவதற்குப் பாக்டீரியா மட்டும் காரணமல்ல, வேண்டாத ஈஸ்ட்டும் காரணம் என்று அவர் காட்டினார். ஆனாலும் வீட்டில் காய்ச்சுபவர்கள் ‘தொற்று’ என்றதும் வெளிக்காற்றைத்தான் முதலில் குற்றம் சொல்கிறோம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மரபணுச் சோதனை எதுவும் செய்யவில்லை. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலும் டயஸ்டாடிகஸும் ஏல் ஈஸ்ட்டும் ஒன்று போலத்தான் தெரியும். எனவே இது விலக்கி விலக்கி வந்த முடிவு, நிரூபணம் அல்ல.

குழாயைக் கழற்றியபோது

சரி, சேசான் ஈஸ்ட் என்றே வைத்துக்கொள்வோம். அது எங்கே தங்கியிருந்தது? எல்லா பாட்டிலும் ஒரே மாதிரி பொங்கியதால் பாட்டில்கள் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. பாட்டில் அழுக்காக இருந்திருந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பொங்கும். முழு 20 லிட்டரும் தொட்டுப் போகும் இடத்தில்தான் தேட வேண்டும்.

கழுவும் நண்பர் குழாயைக் காட்டி, அது ஒரே துண்டு, கழற்ற முடியாது என்றார். பார்த்தால் அப்படித்தான் தெரியும். இந்த வகைக் குழாய்களில் வெளிக்கூட்டுக்குள் சுழலும் ஒரு உருளை இறுக்கமாகச் செருகியிருக்கும். 60 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் போட்டால் பிளாஸ்டிக் இளகும், அப்போது மரக்கரண்டியின் காம்பால் உள்ளிருந்து அழுத்தினால் உருளை பிதுங்கி வந்துவிடும். நொதி வாளியின் குழாயை அப்படிக் கழற்றினோம். உருளைக்கும் கூட்டுக்கும் நடுவே பழுப்பான வழவழப்பு, அதில் ஒட்டிய ஹாப்ஸ் துணுக்குகள். வாஷருக்குப் பின்னால், திருகு மரையின் பள்ளங்களில் காய்ந்த ஈஸ்ட். முகர்ந்த நண்பர் பேசாமல் என்னிடம் நீட்டினார்.

குழாயைத் திறந்து சானிடைசரை ஓடவிட்டால் அது உருளையின் நடு ஓட்டை வழியாகப் போய்விடும். சுற்றுப்புறத்தைத் தொடாது. குழாயைத் திருப்பும்போதுதான் அந்த இடுக்கில் இருப்பது பீருக்குள் வரும்.

நொதி வாளியின் உட்புறத்திலும் இரண்டு விஷயம். நுரை எழும் மட்டத்தில் மங்கலான வளையம், ஈர விரலால் தேய்த்தால் சொரசொரப்பு. பீர்க்கல் என்று சொல்லும் கால்சியம் ஆக்சலேட் படிவு, மால்ட்டின் ஆக்சலேட்டும் தண்ணீரின் கால்சியமும் சேர்ந்து புரதத்தோடு ஒட்டுவது. அதோடு, நார் போட்டுத் தேய்த்த கீறல்கள். டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால் எண்ண முடியாத அளவுக்கு.

சானிடைசரை இரட்டிப்பாக்கியும் பலிக்காதது இதனால்தான். அது வேலை செய்வது தன் அமிலத்தன்மையால், பி.எச். 3க்குக் கீழே. லிட்டருக்கு சுமார் 1.5 மில்லி, ஓரிரு நிமிடம் ஈரமாக இருந்தால் போதும், ஆனால் சுத்தமான பரப்பில் மட்டும். நுண்ணுயிர்கள் தாங்களே சுரந்த பசைக்குள் படலமாக வாழும்போது மேலடுக்குதான் சாகும், அடியில் இருப்பது தப்பிவிடும். அதைப் பெயர்க்க காரமும் சூடும் நேரமும் வேண்டும். அளவைக் கூட்டினால் கிடைப்பது ஒன்றுதான்: அலசத் தேவையில்லாதது என்ற சலுகை போய்விடும்.

ஒரு ஆபத்தான யோசனை

இந்தக் கட்டத்தில் கழுவும் நண்பர், ப்ளீச்சையும் சானிடைசரையும் சேர்த்து ஊற்றி ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று பாட்டிலை எடுத்துவிட்டார். தடுத்து நிறுத்தினோம். ப்ளீச்சுடன் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய அறையில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற விஷயம் அது. அமிலத்தோடும் அம்மோனியாவோடும் ப்ளீச் சேரவே கூடாது. தனியாக உபயோகித்தாலும் சரியாக அலசாவிட்டால் பீரில் குளோரோஃபீனால் என்ற மருந்து நாற்றம் வந்துவிடும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் பொத்தலாக்கும். வேறு வழிகள் இருக்கும்போது ப்ளீச்சை எடுக்கக் காரணம் இல்லை என்று முடிவு செய்தோம்.

சோதனை: ஒரே வோர்ட், மூன்று பாத்திரம்

எல்லாவற்றையும் தூக்கிப் போட்டு புதிதாக வாங்கியிருக்கலாம். செலவு பெரிதில்லை. ஆனால் எது காரணம் என்று தெரியாமல் வாங்கினால் அடுத்த சேசானுக்குப் பிறகு இதே கதைதான். அதனால் ஒரு முறை காய்ச்சி, ஒரே வோர்ட்டை மூன்றாகப் பிரித்து, ஒரே பாக்கெட் வகை ஏல் ஈஸ்ட் போடுவது என்று தீர்மானித்தோம்.

‘அ’ என்பது இதுவரை பீரே பார்க்காத புதுக் கண்ணாடி ஜாடி. ‘ஆ’ என்பது பழைய நொதி வாளி, கழற்றிக் கழுவிய குழாயுடன். ‘இ’ இன்னொரு புது ஜாடி, அதற்குள் கலக்கும் வாளியின் குழாயை, கழற்றாமல், அவர்கள் வழக்கமாகச் செய்வது போல சானிடைசரில் முக்கி மட்டும் எடுத்துப் போட்டோம். மூன்றிலும் ஏர்லாக். அழுத்தம் சேர வழியில்லை, எத்தனை வாரம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம்.

‘ஆ’ வாளியைக் கழுவிய விதம்: சோடியம் பெர்கார்பனேட் லிட்டருக்கு 8 கிராம், தண்ணீர் 55 டிகிரி, சில மணி நேரம் ஊறல். தண்ணீரில் இது ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சோடியம் கார்பனேட்டாகவும் பிரியும். ஆக்சிஜன் கிளம்பும் என்பதால் மூடியை இறுக்கக் கூடாது. கையுறை கட்டாயம். மென்மையான துணியால் துடைத்து, காரம் முழுக்கப் போகும் வரை அலசினோம். காரம் மிச்சமிருந்தால் பின்னால் ஊற்றும் அமிலச் சானிடைசரின் பி.எச். ஏறி அது செயலிழந்துவிடும். பீர்க்கல் காரத்துக்கு மட்டும் மசியாது, அதனால் அப்புறம் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஒரு ஊறல். கடைசியில் புதிதாகக் கலந்த சானிடைசர். குழாயின் துண்டுகளைத் தனியே 15 நிமிடம் கொதிக்கவைத்தோம். எல்லாப் பிளாஸ்டிக்கும் கொதிநிலையைத் தாங்காது, இந்தக் குழாய் பாலிப்ரொப்பிலீன் என்பதால் தாங்கியது. வாளியைக் கொதிக்கும் நீரில் போடவில்லை, நெளிந்துவிடும்.

முடிவு

இரண்டாவது வாரத்தில் அளந்தபோது மூன்றும் 1.012. நோட்டுக்காரர் முகம் வாடிவிட்டது, அவருக்கு அன்றே தீர்ப்பு வேண்டும். காத்திருக்கச் சொன்னேன். ஆறாவது வாரம்: ‘அ’ 1.012. ‘ஆ’ 1.009. ‘இ’ 1.004, கிராம்பு மணத்துடன்.

‘இ’யில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஒரே ஒரு குழாய், சானிடைசரில் முக்கி எடுத்தும், பழைய இரண்டு பீர்களின் கதையை அப்படியே திருப்பிக் காட்டியது.

இரண்டாவது வாரத்தின் அளவு இன்னொன்றையும் விளக்கியது. மூன்று நாள் அடர்த்தி மாறாவிட்டால் பாட்டிலில் அடைக்கலாம் என்ற விதியை இவர்கள் மீறவே இல்லை. கொஞ்சமாகக் கலந்த டயஸ்டாடிகஸ், ஏல் ஈஸ்ட் தன் சாப்பாட்டை முடித்த பிறகு மெதுவாகப் பெருகி வேலையைத் தொடங்குகிறது. இடையில் அடர்த்தி நிற்பது போலத் தோன்றும். அந்த விதி இந்த வகைத் தொற்றைப் பிடிக்காது.

‘ஆ’தான் தொந்தரவான விடை. மூன்று புள்ளி இறக்கம் ஹைட்ரோமீட்டரைப் படிப்பதில் வரும் பிசகு அல்ல, இருவரும் தனித்தனியே படித்தோம். குழாயைக் கொதிக்கவைத்தாயிற்று, டியூப் புதிது. வாளியின் கீறல்களில் மிஞ்சியிருக்கலாம், மூடியின் ரப்பர் வளையத்தில் இருந்திருக்கலாம். மூடியை ஊறவைத்தபோது அந்த வளையத்தைக் கழற்றினோமா என்று யாருக்கும் நிச்சயமாக நினைவில்லை. இதைப் பிரித்தறிய இன்னொரு சோதனை செய்திருக்கலாம். செய்யவில்லை, இன்னும் ஆறு வாரம் காத்திருக்க இருவருக்கும் பொறுமை மிச்சமில்லை. எனக்கும் அது அவசியமாகப் படவில்லை.

எடுத்த முடிவுகள்

பழைய நொதி வாளி, கலக்கும் வாளி, நிரப்பும் குச்சி மூன்றும் இனி சேசானுக்கும் அதைப் போன்றவற்றுக்கும் மட்டும். சிவப்பு டேப் சுற்றியாயிற்று. அங்கே டயஸ்டாடிகஸ் இருந்தால் கெடுதல் இல்லை.

மற்ற பீர்களுக்குப் புது வாளி, குழாய் இல்லாதது. பீரை சைஃபன் போட்டு எடுக்கிறார்கள். குழாயின் சௌகரியம் போய்விட்டது என்று கழுவும் நண்பர் முதலில் முணுமுணுத்தார். கழற்றிக் கழுவும் சாமான் ஒன்று குறைந்ததும் சும்மா இருந்துவிட்டார். ஸ்டீல் பந்து வால்வு வாங்கலாமா என்றும் பேசினார்கள். மூடிய பந்து வால்வின் உட்குழியில் பீர் தேங்கும், பிரித்துக் கழுவாவிட்டால் பிளாஸ்டிக் குழாயை விட மோசம். அதனால் வேண்டாம் என்றேன்.

வினைல் டியூப்களுக்குப் பதில் கொதிக்கவைக்கக்கூடிய சிலிகான் டியூப். தேய்க்கும் நாரைக் குப்பையில் போட்டார்கள். காய்ச்சி முடித்த அன்றே, கறை காய்வதற்கு முன்பே, பெர்கார்பனேட் ஊறல். சானிடைசர் ஒவ்வொரு முறையும் புதிதாக. அவர்கள் தண்ணீர் கடினமானது, கலந்துவைத்த சானிடைசர் பழசாகிக் கலங்கிப்போவதை முன்பே பார்த்திருக்கிறார்கள், பி.எச். தாள் வைத்துப் பார்த்ததில்லை. இப்போது பார்க்கிறார்கள்.

அதன் பிறகு

புதுச் சாமானில் செய்த பேல் ஏல் 1.012இல் அடைத்தது, மூன்று மாதம் கழித்தும் 1.012. ஒவ்வொரு தடவையும் ஒரு பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலிலும் அதே பீரை நிரப்பிக் கண்ணாடி பாட்டில்களோடு வைக்கிறார்கள். கையால் அழுத்தினால் உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று தெரியும். கல்லு மாதிரி ஆனால் உடனே எல்லாவற்றையும் குளிரில் வைத்துவிடலாம்.

இடையில் ஒரு குழப்பம். அடுத்த பீர் ஒன்றில் நாலைந்து பாட்டில் மட்டும் பொங்கின. பதறிப்போய்க் கூப்பிட்டார்கள். ஆனால் இந்தத் தடவை வேறு மாதிரி: சில பாட்டில் மட்டும், அதுவும் புளிப்பு. பெட் பாட்டில் சாதாரணமாக இருந்தது. அந்த பாட்டில்களின் அடியைப் பார்த்தால் பழைய கசடு வட்டமாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. குடித்தவுடன் அலசாமல் வைத்துவிட்டவை. இது வேறு பிரச்சினை, பிரஷ் போட்டு ஊறவைத்ததோடு முடிந்தது. முதல் வழக்கின் பயத்தில் மறுபடி வாளியைத் தூக்கி எறிந்திருந்தால் அதுவும் வீண்தான்.

மாற்ற வேண்டியவை

இதே நிலைமை இன்னொருவருக்கு வந்தால் இரண்டு விஷயத்தை முன்கூட்டியே செய்யச் சொல்வேன். ஒன்று, ஒவ்வொரு பீரிலும் அரை லிட்டர் வோர்ட்டைத் தனியே எடுத்து, ஈஸ்ட்டை அதிகமாகப் போட்டு, வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, அந்த ஈஸ்ட் கடைசியாக எங்கே நிற்கும் என்று பார்ப்பது. அந்த எண் கையில் இருந்தால், பாட்டிலில் அடர்த்தி அதற்குக் கீழே இறங்கும்போது நொதிப்பு பாதியில் நின்றதா, வேறு உயிரியா என்ற விவாதமே வராது. இங்கே அந்த இடத்தைப் பழைய குறிப்புகள் நிரப்பின. எல்லோரும் அப்படி எழுதி வைப்பதில்லை.

இரண்டாவது, பாட்டில்களைக் கொட்டும்போது ஒவ்வொரு பீரிலும் இரண்டையாவது குளிரில் வைத்துக்கொள்வது. பேல் ஏலில் இரண்டு மிஞ்சியது தற்செயல். சேசானுக்கு முன் செய்த பீரில் ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தால், தொற்று சேசானோடுதான் தொடங்கியது என்பதை ஊகமாக இல்லாமல் நேரடியாகவே பார்த்திருக்கலாம்.

சேசானை விட்டுவிடலாமா என்ற பேச்சும் வந்தது. இருவருக்கும் மனமில்லை, அதற்குத் தேவையும் இல்லை. டயஸ்டாடிகஸ் இல்லாத ஈஸ்ட்டாலும் அதைச் செய்யலாம், ஆனால் அந்த வறட்சி வராது. இப்போது வருடத்துக்கு ஒரு முறை, சிவப்பு டேப் சுற்றிய வாளியில், அந்தப் பருவத்தின் கடைசி பீராகச் செய்கிறார்கள். 1.003 அல்லது 1.004க்கு வரும் வரை காத்திருந்து, அழுத்தம் தாங்கும் கெட்டி பாட்டில்களில் அடைக்கிறார்கள். அன்றே அந்த வாளியின் குழாய்களைக் கழற்றிக் கொதிக்கவைத்துவிடுகிறார்கள்.